என் கை சொன்ன பட்டியல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பூனைக்குட்டி எழுதுகிறேன். நீயும் அத்தானும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாப்பாவுக்கு மேல் பல் முளைத்துவிட்டதா? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் எனக்குப் பேச்சு வராது. நீ “சொல்லு, சொல்லு” என்பாய், நான் “ஒண்ணுமில்லக்கா” என்று வைத்துவிடுவேன். போன மாதம் இரண்டு தடவை அப்படித்தான் வைத்தேன். அந்த ஒண்ணுமில்லையை இன்று எழுதிவிடுகிறேன்.

நான் சுகம். அம்மாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை.

நான் வேலைக்குப் போகும் இயற்கை வைத்திய நிலையத்தைப் பற்றி உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. டயர் கடைக்கு மேல் மாடி. படியேறும்வரை ரப்பர் வாடை, கதவைத் திறந்தால் தைல வாடை. நடத்துகிறவரை எல்லோரும் டாக்டரம்மா என்கிறார்கள். “நான் டாக்டர் இல்லை, அப்படிக் கூப்பிடாதீங்க” என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர்கள் “சரிங்க டாக்டரம்மா” என்பார்கள்.

எந்த உணவு யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று பார்ப்பதுதான் அங்கே முக்கியமான வேலை. ஒரு மரப்பெட்டியில் நாற்பது சின்னக் குப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் உணவின் சாறு என்று சொல்வார்கள். பார்ப்பதற்கு எல்லாம் ஒரே தண்ணீர். வந்தவர் ஒரு கையில் குப்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நேராக நீட்ட வேண்டும். டாக்டரம்மா உணவின் பெயரைச் சொல்லி மணிக்கட்டில் அழுத்துவார். கை அப்படியே நின்றால் சாப்பிடலாம். கீழே போனால் கூடாது.

கைக்குழந்தைகளாலும் தளர்ந்துபோனவர்களாலும் கையை நீட்ட முடியாதல்லவா? அவர்களுக்காக நான் நீட்டுவேன். அவர்கள் என் தோளைத் தொட்டுக்கொண்டால் போதும். பெருக்கவும் குப்பி துடைக்கவும் என்னைச் சேர்த்தவர், மூன்றாவது மாதமே இந்த வேலைக்கு மாற்றிவிட்டார். வாயைத் திறக்க வேண்டாத வேலை என்பதால் எனக்கும் பிடித்திருந்தது. தோள்பட்டை இறங்கிப்போன ஒரு பஸ் டிரைவர் மாமா வருவார். என் தோளில் கை வைத்ததுமே, “பாப்பா, மத்ததுக்கெல்லாம் விழுந்துக்கோ, முட்டைக்கு மட்டும் கொஞ்சம் தம் பிடிச்சு நில்லும்மா” என்பார். முட்டைக்கு என் கை விழுந்துவிட்டது. அன்று அவர் என்னைப் பார்க்காமலே படியிறங்கினார்.

ஆறு மாதமாக அம்மாவுக்கு வயிற்று வலி. சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும்போதே ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொள்வாளாம். டாக்டரம்மாவிடம் நான்தான் கூட்டிப்போனேன். அம்மா என் தோளில் கை வைத்தாள். டாக்டரம்மா முதலில் பால் என்றார். அந்த வாரம் பால் குடித்துவிட்டு அம்மா குழாயடியில் குனிந்து நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. கை விழுந்தது. கோதுமை, முட்டை, பருப்பு, வேர்க்கடலை, தக்காளி என்று ஒவ்வொரு பெயருக்கும், இது அம்மாவை ஏதாவது செய்துவிடுமோ என்று நினைத்தேன். நினைக்க நினைக்க விழுந்தது. நாற்பதில் முப்பத்தொன்று போய்விட்டது.

மிஞ்சிய ஒன்பதை நான்தான் நல்ல கையெழுத்தில் எழுதினேன். அம்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுப்புக்கு மேலே ஒட்டினாள். முதல் இரண்டு வாரம் வலி குறைந்த மாதிரி இருந்தது. தொழிற்சாலை முழுக்கச் சொல்லியிருக்கிறாள், “எம் பொண்ணு கையிலயே எல்லாம் தெரிஞ்சிடுதாம்” என்று. இவளுக்கு வாயும் வராது, படிப்பும் வராது என்று என் வகுப்பு டீச்சர் சொன்னபோது அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் என்னைப் பற்றி யாரிடமும் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

இப்போது அம்மா எப்படி இருக்கிறாள் என்று எழுதக் கை வரவில்லை. கைக்கடிகார வாரில் கத்தரியால் இரண்டு புது ஓட்டை போட்டிருக்கிறாள். அவளுடைய உடுப்புகளை எல்லாம் அவளே பிடித்துத் தைத்துவிட்டாள். வேகவைத்த பூசணி, பேரிக்காய், அரிசிக் கஞ்சி, மறுபடியும் பூசணி. பக்கத்து மிஷின்காரி இவளைக் “காத்தாடி” என்று கூப்பிடுகிறாளாம். அதைச் சொல்லி அம்மாவே சிரிக்கிறாள். மூன்று வாரம் முன்பு மிஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டாள். தொழிற்சாலை நர்ஸ் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். வருகிற பதினெட்டாம் தேதி காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சீட்டை அம்மா சுவர்க்கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். லிஸ்ட்படி இருந்தால் போதுமாம்.

அவள் ஏன் போகமாட்டேன் என்கிறாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் அப்பாவைக் கூட்டிப்போனாய். பதினோரு நாளில் அப்பா போய்விட்டார். “நடந்து போன மனுசனைப் படுக்க வெச்சுட்டியேடி” என்று அம்மா சொன்னதும், “ரெண்டு மாசம் முன்னாடி விட்டிருந்தா நடந்தே திரும்பியிருப்பார்” என்று நீ சொன்னதும் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். இரண்டு பேரில் யார் சொன்னது சரி என்று கேட்காதே, எனக்குத் தெரியாது.

இனி எழுதப் போவதுதான் முக்கியம். போன மாதம் குப்பிகளைத் துடைக்கும்போது வாளி சாய்ந்து மரப்பெட்டி முழுக்க நனைந்துவிட்டது. பெயர்ச்சீட்டுகள் எல்லாம் உரிந்து மிதந்தன. திட்டு விழும் என்று பயந்து, காயவைத்து, தோன்றிய குப்பியில் தோன்றியதை ஒட்டி வைத்துவிட்டேன். மறுநாள் டிரைவர் மாமா மறு பரிசோதனைக்கு வந்தார். எல்லாம் மாறி வரும் என்று நினைத்தேன். ஆனால் அவருடைய பழைய அட்டையில் எந்த ஆறு பெயர் இருந்ததோ, அதே ஆறுக்கும் கை விழுந்தது. வாய் உடைந்த குப்பி ஒன்று உண்டு. முன்பு அதுதான் முட்டை. இப்போது அதில் நான் பேரிக்காய் என்று ஒட்டியிருந்தேன். டாக்டரம்மா பேரிக்காய் என்றார். கை அசையவே இல்லை.

என் கை குப்பிக்கு விழவில்லை அக்கா. பெயரைக் கேட்டு விழுந்திருக்கிறது. அம்மாவுக்கு விழுந்ததும் அப்படித்தான். நான் பயந்ததையெல்லாம் அவள் சாப்பாட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. கடைசியில் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். கோபப்படவில்லை. “மனசு கலங்கினா கையும் கலங்கும்மா, ஒரு வாரம் வீட்ல இரு” என்றார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவரும் பன்னிரண்டு வருடமாகக் கோதுமை தொடுவதில்லை. மறு வாரம் போனபோது புதுக் குப்பிகள் வந்திருந்தன, கை நீட்ட வேறு ஒரு பெண்ணும் வந்திருந்தாள். நான் மறுபடியும் பெருக்குகிறேன்.

அம்மாவிடமும் சொன்னேன். வாளி, சீட்டு, வாய் உடைந்த குப்பி எல்லாம் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. கேட்டு முடித்துவிட்டு, “நீ வாயைத் திறக்கிறதே அபூர்வம், அதுலயும் பொய்யாடி? என்னைச் சாப்பிட வைக்க நாடகம் ஆடுறே” என்றாள். பிறகு என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “உனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான், அதையும் வேணாம்னு சொல்லாதே” என்றாள்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன், திட்டாதே. நான்கு நாள் அவளுக்குத் தெரியாமல் கஞ்சியில் முட்டையை அடித்துக் கலந்தேன். இன்றைக்குக் கஞ்சி நன்றாக இருக்கிறது என்று கடைசிச் சொட்டுவரை குடித்தாள். வாந்தி இல்லை, தடிப்பு இல்லை. வலி மட்டும் வழக்கம்போல மூன்று மணிக்கு வந்தது. முட்டை கலக்காத நாளிலும் அதே மூன்று மணிக்குத்தான் வந்தது. பட்டியலில் இருப்பதைச் சாப்பிட்டாலும் வலி, இல்லாததைச் சாப்பிட்டாலும் வலி. அப்படியென்றால் அது சாப்பாட்டில் இல்லை. வேறு எதில் இருக்கிறது என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. நீயும் வழியில் நினைத்துக்கொண்டு வராதே.

ஆமாம் அக்கா, நீ வர வேண்டும். பதினெட்டுக்கு முன்னால் வர வேண்டும். நான் சொன்னால் பொய் என்கிறாள். நீ சொன்னால் சண்டை போடுவாள். போடட்டும். உன்னோடு சண்டை போடவாவது எழுந்து உட்காருவாள். பாப்பாவைத் தூக்கி அவள் மடியில் போட்டுவிடு. அப்போது உன்னைப் பார்த்து முறைக்க அவளுக்கு நேரம் இருக்காது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பக்கம் நீ பிடித்துக்கொள், மறு பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன். என் கை அதற்காவது உதவட்டும்.

அம்மா கூப்பிடாமல் நீ வர மாட்டாய் என்று தெரியும். அவள் கூப்பிட மாட்டாள் என்றும் தெரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன். நாங்கள் இரண்டு பேர்தான், ஆளுக்கொரு சாவி இருக்கிறது. இருந்தும் உன் பழைய சாவி இன்னும் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில்தான் இருக்கிறது. பெருக்கும்போது நான் எடுத்து மேலே வைத்தால், மறுநாள் பார்க்கும்போது அது கீழ்த்தட்டுக்கே வந்துவிடுகிறது. அவ்வளவு கீழே குனிந்தால் அவளுக்கு வலிக்கும் அக்கா. தினமும் குனிகிறாள்.

அத்தானுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு முத்தம். நீங்கள் மூன்று பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். வரும்போது தட்டாதே, திறந்துகொண்டு உள்ளே வா.

இப்படிக்கு,
உன் வழி பார்த்திருக்கும்
பூனைக்குட்டி