பிளக்கில் படிந்த கரி

ஆடி மூன்றாம் வெள்ளி, 2004

இருக்கன்குடி கோயிலுக்குப் போகிற வழியில் என் வீட்டுக்காரரின் பழைய மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது. மெக்கானிக் பிளக்கைக் கழற்றினான். ஒரே கரி.

"அண்ணாச்சி, தூரமா ஓட்டுறதே இல்லையோ? பக்கத்துலயே மெதுவா உருட்டுனா இப்படித்தான் கரி அடைக்கும்."

தினமும் அவ்வளவு தூரம் விருதுநகர் மிளகாய் மண்டிக்கு வேலைக்கு என்று என்னிடம் தூக்குச்சட்டியில் சோறு வாங்கிப் போகிறவர் தலையைச் சொறிந்தார்.

"இந்தா பக்கத்துல, நாரணாபுரத்துல அக்கா வீட்டுக்குத்தான் போவேன். அவ வைக்கிற கொளம்பு..."

"அப்ப நான் குடுத்துவிட்ட சோறு?"

"அக்கா வீட்டுக் கோளி திங்கும்."

மதினியின் கோழிகள் கொழுத்திருப்பதைப் போன மாதம் நானே மெச்சினேன்.

கோயிலில் கண்ணை மூடினால் அந்தக் கோழிகளுக்குச் சீக்கு வரட்டும் என்றே வாயில் வந்தது. மாரியாத்தா, அதை விட்டுவிடு. வாயில்லா ஜீவன்கள். மதினி குழம்பில் மட்டும் தினமும் உப்பு கூடட்டும்.