கழுத்து திருகிய பஞ்சுக்கோழி

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் கூட்டைத் திறந்தபோது வெள்ளைப் பெட்டை மட்டும் வெளியே வரவில்லை. மூலையில் தலையைக் காலுக்கு நடுவே செருகிக்கொண்டு கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். கழுத்து திருகி, முகம் வானத்தைப் பார்க்கிறது. கீழே விட்டால் பின்பக்கமாக நடந்து விழுகிறது. நேற்று சாயங்காலம் நன்றாகத்தானே மேய்ந்தது?

சில்கி கோழி வளர்க்கிறேன் என்றாலே இந்தத் தெருவில் சிரிப்பு. பஞ்சு மாதிரி இறகு, கறுத்த தோல், காலுக்கு ஐந்து விரல். என் வீட்டுக்காரருக்கு மணியாச்சி ரயில்வே ஜங்ஷனில் வேலை; வீட்டில் இல்லாத நாள்தான் அதிகம். எனக்குப் பேச்சுத்துணை இதுகளும், பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் மதினியும்தான்.

மதினி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “மருந்து எதையாச்சும் தின்னுருக்கும்ட்டி” என்றாள்.

மருந்து என்று நான் சொல்லவே இல்லையே.

செப்டம்பர் 9

போன வாரம் அவள் எலி மருந்து வாங்கினாள். கடைக்கு நானும்தான் கூடப் போனேன்.

செப்டம்பர் 11, வியாழன்

வெள்ளைக்குக் கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விடுகிறேன். பாதி வெளியே வழிகிறது.

ஒன்று ஞாபகம் வருகிறது. சுவரில் செங்கல் பெயர்ந்த ஓட்டை வழியாகக் கோழிகள் புகுந்து, மதினி காயப்போட்ட கம்பைக் கிளறிவிட்டன. “இதுகளுக்கு ஒருநா முடிவு கட்டுதேன் பாரு” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்தாளா? நான்தான் சிரித்தேனோ?

செப்டம்பர் 13, சனி

இப்போது மஞ்சள் பெட்டையும். ஒரே இடத்தில் வட்டம் வட்டமாகச் சுற்றுகிறது. காலையில் அந்த ஓட்டைப் பக்கம்தான் மேய்ந்தது. அங்கே மதினியின் வளையல் சத்தம் கேட்டது. கேட்டேன், பொய்யில்லை.



செப்டம்பர் 14, ஞாயிறு

கேட்டுவிட்டேன். தெருவில் வைத்தே கேட்டேன். அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

“எங் கோழிக்கு வெஷம் வச்சது நீங்கதான மதினி?”

தெருவே திரும்பிப் பார்த்தது. “நானா?” என்றாள். “ஒங் கண்ணுக்கு நான் அப்படியாட்டி தெரியுதேன்?” என்றாள். ஆடுகளை உள்ளே ஓட்டிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தப்பு செய்யாதவள் ஏன் கதவைச் சாத்தணும்? சண்டைக்குல்லா வரணும்?

செப்டம்பர் 15, திங்கள்

மஞ்சளைக் கூடையில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சின்ன வயசு டாக்டரம்மா. தலைக் கொண்டையின் இறகை விரலால் விலக்கினார். உச்சியில் ரத்தம் உறைந்து பொருக்கு.

“விஷம் மாதிரி தெரியலம்மா. இந்தச் சாதிக்கு உச்சந்தலை எலும்பு முழுசா மூடாம இருக்கும். அங்கன கொத்து விழுந்தா உள்ள வீங்கி கழுத்து இப்படித் திருகும். வேற கோழி கூட இருக்கா?”

“நாட்டுச் சேவல் ஒண்ணு இருக்கு. அது சாது.”

அவர் அந்தப் பொருக்கை மறுபடி பார்த்துவிட்டு விட்டமின் சொட்டு எழுதிக் கொடுத்தார்.

பேச்சுவாக்கில் அவருக்குச் சொந்த ஊர் நாகலாபுரம் என்று தெரிந்தது. வெள்ளைத்தாய் பிறந்ததும் நாகலாபுரம்தான். யார் கண்டது?

செப்டம்பர் 16

ஓட்டையில் சாக்கைத் திணித்தேன். தண்ணீரும் இனி நானே கையில் வைத்துத்தான் காட்டுவேன்.

செப்டம்பர் 18, வியாழன்

காலையிலிருந்து அடுப்படி ஜன்னலில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று. மதினி துணி காயப்போட வந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. போய்விட்டாள்.

அப்போதுதான் கூட்டுப் பக்கம் ஒரு கீச்சல். கறுப்புப் பெட்டை குனிந்து இரை பொறுக்குகிறது. கொண்டை கண்ணை மறைக்கிறது. பக்கத்தில் யார் வந்தாலும் அதற்குத் தெரியாது. எங்கள் செவலைச் சேவல் நிதானமாக நடந்து வந்தது. நடு உச்சியில் ஒரு கொத்து. இன்னொன்று.

ஓடிப்போய்ப் பிடித்தேன். குஞ்சிலிருந்து என் மடியில் வளர்ந்த சேவல். அலகில் கறுப்பு இறகு ஒட்டியிருந்தது.

அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

செப்டம்பர் 19

இவருக்குப் போன் போட்டேன். சேவலை விளாத்திகுளத்தில் தங்கச்சி வீட்டில் விட்டுவிடலாம் என்றார். “மதினிட்ட போயி சொன்னியா?” என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

போனேன். ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குனிந்து, “தப்பா நெனச்சிட்டேன் மதினி, சேவல்தான் கொத்தியிருக்கு” என்றேன்.

நிமிராமலே சொன்னாள்: “வெஷம் வச்சேன்னு தெருவே கேக்கச் சொன்ன. இப்ப காதுக்குள்ள வந்து சொல்லுத.”

செப்டம்பர் 22

தண்ணீர் பிடிக்கிற இடத்தில், எல்லாரும் நிற்கும்போது சத்தமாகச் சொன்னேன். “வெள்ளைத்தாய் மதினி ஒண்ணும் செய்யல. எங்க சேவல்தான். நான்தான் அநியாயமாப் பேசிட்டேன்.” யாரோ சிரித்தார்கள். மதினி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். நின்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

செப்டம்பர் 24

மஞ்சள் செத்துப்போச்சு.

அக்டோபர் 3, வெள்ளி

வெள்ளை இன்று தானாக இரை பொறுக்கியது. கழுத்து இன்னும் லேசாகச் சாய்ந்துதான் இருக்கிறது. கண் தெரியட்டும் என்று எல்லாவற்றுக்கும் கொண்டை இறகைக் கத்தரித்துவிட்டேன். சுவர்ப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

முந்தாநாள் நல்ல மழை. கோழிகளின் பாத இறகில் கரிசல் மண் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டது. நனைந்துகொண்டே ஒவ்வொன்றாக வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினேன். இன்று எனக்குக் காய்ச்சலும் இருமலும். இவர் டியூட்டியில்.

மத்தியானம் கதவைத் தட்டுகிற சத்தம். மதினி. கையில் தூக்குவாளி. “இருமல் சத்தம் அங்கன வரைக்கும் கேக்கு” என்றாள்.

சுக்குக் காப்பி. டம்ளர் எடுக்க எழுந்தேன். “இரு” என்றாள். தூக்குவாளி மூடியில் கொஞ்சம் ஊற்றி, என் முன்னாலேயே நின்று, முதலில் அவள் குடித்தாள். வாயைத் துடைத்துவிட்டு, அதன் பிறகுதான் எனக்கு ஊற்றினாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

ஆறவிடாமல் மொத்தத்தையும் குடித்தேன். நாக்கு வெந்துவிட்டது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.