கட்டை விரலை உள்ளே மடக்கி

புரட்டாசி 12, செவ்வாய்

தூறல். இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்தால், நீங்கள் யாராக இருந்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். அடுப்பில் போட்டுவிடுங்கள். எழுத்து கோணல்தான். இடது கையால் எழுதுகிறேன். வலது கை முடியவில்லை. அதோடு, வலது கை எழுத்தைத்தான் தேடுகிறார்கள்.

குடியிருக்கும் மனை இனி எங்களுக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறது. மனு கொடுத்தால் பட்டா. தெருவில் இருபத்திரண்டு வீடு. எல்லா மனுவும் நான்தான் எழுதுகிறேன், ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி. எட்டு போய்ச் சேர்ந்துவிட்டது. பண்ணையின் காரியக்காரர் (இனி கா. என்றே எழுதுவேன்) அவற்றைத் தாலுகா ஆபீசில் பார்த்துவிட்டாராம். டீக்கடையில் சொன்னது:

"எட்டும் ஒரே கை. பொம்பளப்புள்ள எழுத்து. யாருன்னு தெரியட்டும், அவ வீட்டுக் கூரையைப் பிரிச்சுப் போட்டுடுறேன்."

அப்பா திருச்சி ஜெயிலில். போன அறுவடைக் கூலித் தகராறு. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்.

வலி மணிக்கட்டில், கட்டை விரல் பக்கம். பேனா பிடித்தால் சுரீர். சொம்பு தூக்கினால், தலை பின்னினால், அதே சுரீர். சுளுக்கு என்று அம்மா நீவ வைத்தாள். விளக்கெண்ணெய், மூன்று நாள். இப்போது சுண்டைக்காய் அளவு வீக்கம்.

புரட்டாசி 13, புதன்

முதல் பஸ். திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரி. சீட்டு எழுதும் இடத்தில் அம்மா என் பெயரை மாற்றி மல்லிகா என்று சொல்லிவிட்டாள். எனக்கே திக்கென்றது. ஊர்ப் பெயரை மாற்ற அவளுக்குத் தோன்றவில்லை.

பெண் டாக்டர். கண்ணாடி. வேகமான பேச்சு.

"கட்டை விரலை உள்ள மடக்கு. மத்த விரலால மூடிக்க. இப்ப கையை சுண்டுவிரல் பக்கமா சாய்."

சாய்த்தேன். கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இதான். எலும்பும் இல்ல, சுளுக்கும் இல்ல. கட்டை விரலை இழுக்குற ரெண்டு தசைநாண், கயிறு மாதிரி, ஒரு சின்ன உறைக்குள்ள ஓடுது. உறை தடிச்சுப்போய் இறுக்குது. நீவினீங்களா?"

அம்மா தரையைப் பார்த்தாள்.

"இனிமே நீவக் கூடாது. என்னம்மா வேலை செய்யிற?"

"லீவுல நாத்துப் பறிப்பேங்க."

"நாத்துப் பறிக்கிற கைக்கு வர்றதுதான். ரொம்ப எழுதுவியா?"

"ஆமாங்க" என்று வந்துவிட்டது. பாழாய்ப்போன வாய்.

கம்பவுண்டர் அட்டை வைத்து, விரலோடு சேர்த்துக் கட்டினார். "அந்த ஊரா நீங்க? எங்க மச்சான் அங்கதான் பண்ணையில காரியம் பாக்குறாரு." அம்மாவின் கை என் தோளை இறுக்கியது.

டாக்டர் சொன்னவை:
கட்டு மூன்று வாரம். கட்டை விரல் அசையக் கூடாது.
மாத்திரை இரண்டு வேளை, சாப்பிட்ட பிறகு.
குடம் தூக்காதே, நாற்றுப் பறிக்காதே, எழுதாதே.
குறையாவிட்டால் உறைக்குள் ஊசி. அதற்கும் கேட்காவிட்டால் தஞ்சாவூரில் சின்ன ஆபரேஷன்.

ஊசிக்குப் பயமில்லை. கட்டுக்குத்தான் பயம். ஊர் வருமுன் பஸ்ஸிலேயே அவிழ்த்துப் பைக்குள் போட்டேன்.

புரட்டாசி 14, வியாழன்

கட்டு இருட்டிய பிறகு மட்டும். போட்டால் வலி பாதி.

கை வீங்குமுன்பே எழுதிய பதின்மூன்று மனு தயார். பாக்கி ஒன்று, எங்கள் வீட்டுடையது. திங்கட்கிழமை தாசில்தார் கேம்ப். அதற்குள் இடது கை பழக வேண்டும். "ஐயா" என்று எழுதிப் பார்த்தேன். கோழி கிளறியதுபோல் இருக்கிறது.

அரிசி இல்லை. கேழ்வரகு.

எங்கள் தெருவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வெளியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அப்பாவைப் பிடிக்க வந்தவர்கள்தான் தட்டினார்கள். அதிலிருந்து ஜன்னல் ஆடினாலும் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

புரட்டாசி 16, சனி

நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலாண்டு லீவு. போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று நாற்றங்காலுக்குப் போனேன். பத்து மணி இருக்கும். வரப்பில் கா., குடையோடு.

"பள்ளிக்கூடம் போன புள்ளைங்க மட்டும் மேல வாங்க."

ஏழு பேர் ஏறினோம்.

"இதுல மல்லிகா யாரு?"

எங்கள் தெருவில் எட்டாவதோடு நின்ற அஞ்சலைதான் வாயைத் திறந்தாள். "மல்லிகாவா? பக்கத்துத் தெரு எருமைக்குத்தான் அப்படிப் பேருங்கய்யா."

எல்லாரும் சிரித்தார்கள். கா. சிரிக்கவில்லை. "கட்டை விரலை உள்ள மடக்குங்க. மூடுங்க. சாய்ங்க."

டாக்டரின் அதே வார்த்தைகள். கம்பவுண்டர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கையிலிருந்த சேற்றைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

முதலில் அஞ்சலை. "ஐயோ ஆத்தா!" அடுத்தவளும். அதற்கடுத்தவளும். நடிப்பு இல்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். பத்து நாளாக நாற்றுப் பறிக்கும் கைகள். ஆறு பேரும் கத்தினார்கள். அஞ்சலை கையை உதறிக்கொண்டே, "எப்பங்கய்யா டாக்டருக்குப் படிச்சீங்க? மருந்தையும் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

ஏழாவது நான். காலையிலிருந்து ஒரே முடிவு, என்ன ஆனாலும் கத்தக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு சாய்த்தேன். தோள் வரை தீ. சத்தம் வரவில்லை. சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

கா. நகரவில்லை.

"எல்லாருக்கும் வலிக்குது. உனக்கு மட்டும் வலிக்கல?"

"இல்லீங்க."

"நீ யாரு மவ?"

அப்பா பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. கத்தியிருந்தால் ஏழில் ஒருத்தி. நானாகவே தனியாக நின்றுவிட்டேன்.

புரட்டாசி 17, ஞாயிறு

மழை. வாய்க்கால் நிரம்பிவிட்டது.

சாயங்காலம் வெளியில் "செல்வி, ஏ செல்வி" என்று அஞ்சலை குரல். எனக்கு உயிர் வந்தது. நாளைக் கேம்பில் சேர்க்கச் சொல்லிப் பதின்மூன்று மனுவையும் அவளிடம் கொடுத்தேன். சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி நேத்து கத்தல? கல்லு மாதிரி நிக்கிற."

"பயந்துட்டேன்."

"பயந்தா கத்துவாங்கடி, லூசு." பிறகு மெதுவாக, "உன்னோடது எங்க?"

"நாளைக் காலையில தரேன்."

அம்மா இன்னும் தூங்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

இடது கையால் எங்கள் மனு நாலு வரிகூட நகரவில்லை. இந்தக் கோணல் எழுத்தைத் தாசில்தார் படிக்க மாட்டார். தெரியக் கூடாதவருக்குத் தெரிந்துவிட்டது. இனி எதற்கு ஒளிப்பது? கட்டை அவிழ்த்துவிட்டேன். எங்கள் வீட்டு மனுவை வலது கையாலேயே எழுதப்போகிறேன். டாக்டரம்மா மன்னிக்க வேண்டும்.

இரண்டு பிரதி முடிந்தது. வீக்கம் சூடாக இருக்கிறது. இன்னும் ஒன்றுதான். கொஞ்சம் பொறுத்து எழுத வேண்டும்.

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நாய் குரைக்கிறது.

தட்டுகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை