பொன்முகத்து மூன்றாம் தறியின் உரிமை

மேகம் காலடியில் தவழும் தண்குன்ற நாட்டின் காவலர், வானவழி நூறு கண்டவர், சேந்தப் பெருமானாரின் திருவாய்மொழிப்படி முதலமைச்சன் ஆதன் எழினி, மேல்கடலின் அக்கரையில் பொன்முகப் பெருந்துறையை ஆளும் துறைவேள் நிலவனாருக்கு வரைந்து விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் காற்று இசைவாக வீசுக. வந்திறங்குவோர் முகம் மலர்ந்தே திரும்புக. தங்கள் முரசு பழுதின்றி முழங்குக.

தங்கள் ஓலை கிடைத்தது. முழுநிலா நாளன்று எம் கலம் நண்பகல் முரசுக்கு முன்பே, கலம் கட்டும் கம்பமாகிய தறியில் கயிறு கட்டியதைத் தாங்கள் ஒப்புகிறீர்கள். ஆனால் மறுநாள் ஒரு பயணியும் இன்றித் திரும்பியது என்றும், மாதம் ஒருமுறை பயணியோடு வந்து பயணியோடு திரும்பாத நாட்டார் தறியை இழப்பர் என்னும் துறைவழக்கின்படி எம் மூன்றாம் தறியைக் கருவாகை நாட்டாருக்கு அளிக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு தறிகளும் ஏற்கெனவே அவர்கள் கைக்குப் போயின. இதுவும் போனால் எம் கலங்கள் கடல் தாண்டுவது எங்கே இறங்க? ஆதலால் நடந்ததை முழுதும் கேட்டருள்க. கலத்தில் இருந்தோர் பேசியதைப் பேசியபடியே எழுதச் சொன்னார் எம் பெருமான். நடை கரடுமுரடாக இருந்தால் அவரையே நொந்து கொள்க.

எம் கலத்தலைவன் அழிசியைத் தாங்கள் அறிவீர்கள். புகைப்பையின் கீழ் தொங்கி வானில் செல்லும் கலத்தில் பதினாறு ஆண்டுகள் கடல் கடந்தவன், கோபக்காரன், யாருக்கும் வளைந்து கொடுக்காதவன். அப்படிப்பட்டவன் வணிகர் வீதியில் வாசல் வாசலாக ஏறி இறங்கினான். எம் கலங்களில் இருக்கைதான். கருவாகையாரோ ஆள் நீளக் கட்டில் போட்டு, மெத்தை விரித்து, சுடுசோறும் கொடுத்து வணிகரை அள்ளிக்கொண்டு போயினர். மிளகு வணிகர் சாத்தந்தையார் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார்: “முழங்கால் தாடையில முட்ட ஆறு நாள் உக்காந்து போயி, அங்க எறங்கி எவன்கிட்ட விலை பேசறது? கட்டில் போடுங்க, வர்றோம்.”

அழிசி கணக்குப் போட்டான். ஒரு கட்டிலும் மெத்தையும் சேர்ந்தால், கவசமும் அம்பும் அணிந்த ஒரு வில்லாளியின் எடை. கலமோ குறித்த எடைக்கு மேல் ஓர் இறகையும் தூக்காது. இருபத்து நான்கு வில்லாளிகளில் இருபது பேரை இறக்கிவிட்டு அவன் இருபது கட்டில்களை ஏற்றினான். அவன் தம்பி அந்துவன், மீந்த நால்வருள் ஒருவன், வேண்டாம் என்று தடுத்தான். “வில்லு இருந்தா பயம் போகும், கட்டில் இருந்தாத்தான் ஆளு வரும். ஆளே வரலைன்னா எதைக் காக்க வில்லு?” என்றான் அழிசி. எம் பெருமானும் தலையசைத்தார், யாமும் அசைத்தோம். அந்தத் தலையசைப்பு இன்றுவரை எம் நெஞ்சை அறுக்கிறது.

இருபது வணிகர் ஏறினர். நான்கு நாள் கால் நீட்டிப் படுத்து, சாத்தந்தையார் குறட்டை விட்டது கலமெங்கும் கேட்டதாம். அழிசிக்கு அந்தக் குறட்டை காதில் தேனாக இருந்தது. ஐந்தாம் நாள் காலை வெயில் ஏறும்போது, கருவாகைக் கொடி பறந்த கலம் ஒன்று மேலிருந்து இறங்கி எட்டுக் கொக்கிக் கயிறுகளை வீசியது. கொடியை மறைக்கக்கூட அவர்கள் மெனக்கெடவில்லை. எம் பக்கம் வில் நான்கே என்பது துறைமுகம் முழுதும் தெரிந்த செய்திதானே.

முதல் அம்புமழையில் சுக்கான் பிடித்தவன் கண்ணில் அம்பு தைத்து விழுந்தான். வில்லாளிகள் மூவர் நாண் இழுக்கும் முன்பே மாண்டனர். கயிறு வழி இறங்கியவர்கள் வாளால் வெட்டிக்கொண்டே வந்தனர். எம்மவர் துடுப்பாலும் உலக்கையாலும் வெறுங்கையாலும் அடித்தனர். ஒருவன் கை மணிக்கட்டோடு போன பின்னும் எதிரியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு அவனோடு கடலில் பாய்ந்தான். வணிகர் கட்டிலுக்கடியில் கிடந்தனர். அழிசி விறகுக் கோடரியால் ஏழு கொக்கிக் கயிறுகளை அறுத்தான். தொங்கியவர்கள் அலறிக்கொண்டே விழுந்தனர். எட்டாவதை அறுக்கப் போன அந்துவனின் முதுகில் ஈட்டி இறங்கி மார்பில் வெளிவந்தது. அந்த ஈட்டியைப் பிடுங்கியவன் அதையே அழிசியின் வயிற்றில் பாய்ச்சினான். அழிசி அவன் மண்டையைப் பிளந்தான். அப்போது வெள்ளி என்னும் எம் அடுக்களைக்காரி அடுப்புத் தணலை அண்டாவோடு தூக்கி ஒற்றைக் கயிற்றில் பக்கமாகத் தாழ்ந்து சரிந்திருந்த எதிரிக் கலத்தின் பையில் எறிந்தாள். பை பற்றிக்கொண்டது, எட்டாவது கயிறும் எரிந்து அறுந்தது. அதில் நின்றவர் எரிந்தபடியே நீரில் விழுந்தனர், ஒருவரும் பிழைக்கவில்லை.

எம் பையும் கிழிந்திருந்தது. கலம் தாழ்ந்து தாழ்ந்து அலைநுரை அடித்தளத்தில் பட்டது. எம் கலத்தார் இருபது பேரில் பத்துப் பேர் தளத்தில் பிணமாகக் கிடந்தனர், ஒருவன் கடலில். எதிரிப் பிணங்களைத் தள்ளியும் போதவில்லை, பாரத்தை இன்னும் குறைத்தாக வேண்டும். இறந்தவரைச் சொந்த மண்ணில்தான் கிடத்துவோம், நீரில் விடோம் என்பது தண்குன்றத்தாரின் வழக்கம். அதை மீறியவர் எவரும் இல்லை. “கட்டிலைத் தூக்கிப் போடுங்க தலைவரே, நம்ம ஆளுங்களை வேணாம்,” என்றாள் வெள்ளி. அழிசி வயிற்றைக் கச்சையால் இறுக்கிக்கொண்டு, கட்டில் இல்லாமல் இறங்கினால் இவர்கள் எதற்காகச் செத்தார்கள் என்று கேட்டான். பத்துப் பேரையும் கடலில் விட்டனர். தம்பியை அவனே தூக்கினான், வேறு ஒருவரையும் தொட விடவில்லை. கை விட்டபின் வெகுநேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். நெஞ்சு வெடித்து அழுதான் என்றாள் வெள்ளி.

கலம் எழுந்தது. முழுநிலா நாளில், தங்கள் முரசறைவோன் கோலை ஓங்கும் வேளையில், அழிசி தன் கையாலேயே தறியில் கயிறு கட்டினான். வணிகர் இருபதின்மரும் நலமே இறங்கினர். மறுநாள் எவரும் திரும்பி வரவில்லை. அழிசி அவர்கள் தங்கிய விடுதிக்கே போய்க் கேட்டான். சாத்தந்தையார் சொன்னார்: “உங்க மேல ஒரு குறையும் இல்ல. கட்டிலும் நல்ல கட்டில்தான். ஆனா கருவாகைக் கலத்துல போனா எங்களை யாரும் வெட்ட வரமாட்டாங்க.” அழிசி அவரை ஏசவில்லை. அவர் சொன்னது உண்மை என்பதுதான் அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

புண்ணுக்குள் சீழ் வைத்து, உடல் நெருப்பாய்க் கொதிக்கத் தறிக்குத் திரும்பினான். கச்சையிலிருந்த தலைவன் முத்திரையை அவிழ்த்து வெள்ளியிடம் கொடுத்தான். “இனிமே நீதான் தலைவி. நான் இந்தக் கலத்து ஆள் இல்ல, கட்டணம் குடுத்து ஊருக்குப் போறவன்,” என்று தன் கைக்காப்பைக் கழற்றிக் கட்டணமாக வைத்தான். பிறகு ஏணியில் ஏறி, முதல் கட்டிலில் கால் நீட்டிப் படுத்து, பயணிக்குத் தருவது போலத் தனக்குத் தண்ணீர் தரச் சொன்னான். வெள்ளி கொடுத்தாள். அதன் பின்னரே கயிறு அவிழ்ந்தது.

இரண்டாம் நாள் கடல் நடுவே அவன் இறந்தான். பாரம் குறைக்க வேண்டிய தேவை இல்லாததால் அவனைக் கொண்டுவந்து மண்ணில் கிடத்தினோம்.

திரும்பிய கலத்தில் இருந்தது பிணமே, பயணி அன்று எனக் கருவாகையார் தங்களிடம் வாதிடக்கூடும். துறைவழக்கு கேட்பது, கயிறு அவிழும்போது பயணி ஒருவன் ஏறியிருந்தானா என்பது மட்டுமே. அவன் உயிரோடு ஏறினான். சந்தேகம் இருப்பின் தங்கள் தறிக்காவலரையே அழைத்துக் கேட்க. ஏணியில் கால் தடுமாறியபோது அவனுக்குக் கைகொடுத்தவர் அவரே.

ஆகவே மூன்றாம் தறியில் பிறர் கயிறு விழாது காக்க வேண்டும் என்பது எம் பெருமானின் ஆணை. அடுத்த முழுநிலாவுக்குத் தலைவி வெள்ளி வருவாள். கட்டில் பத்து, வில் பத்து. பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும் அவள் வருவாள். தறியில் வேறு கயிறு கண்டால் அதை அறுத்து எம் கயிற்றைக் கட்டுமாறு அவளுக்குச் சொல்லியிருக்கிறோம்.

குன்றும் இறகும் பொறித்த அரக்கு முத்திரை இட்டோம். எழுதினேன், ஆதன் எழினி. படிக்கக் கேட்டு ஒப்பினார், சேந்தப் பெருமானார்.