கடலை அளவு சிரிப்பு

மார்ச் 3, செவ்வாய்

மருந்துக்கடைக்காரர் ஐந்து முண்டங்களைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஐந்தும் பொம்மைச் சிப்பாய்கள், ஆள்காட்டி விரல் உயரம். காட்சி இதுதான்: மழை பெய்து ஓய்ந்த முகாம், நடுவில் அடுப்புமேல் கெட்டில், சுற்றிலும் இந்த ஐவர். உடம்பும் உடுப்பும் வர்ணமும் அவர் பொறுப்பு. தலை என் பொறுப்பு. ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவு. மாதக் கடைசியில் கண்காட்சி.

"நாலு பேரு எப்படி வேணா இருக்கட்டும்மா. இந்த அஞ்சாவது ஆளு மட்டும் சிரிக்கணும். வாய்விட்டு."

சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல? இதுவரை நான் செய்த சிரிக்கிற சிப்பாய் அத்தனை பேருக்கும் ஒரே ஆள்தான் மாடல், என் வீட்டுக்காரர். அந்த ஆள் அப்போது உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வந்தவர் எப்போது போவார் என்று.

மார்ச் 4, புதன்

எழுதி வைத்தால் மனசு கொஞ்சம் லேசாகுமோ என்னவோ.

போன மாதம் ஒரு காலையில் அவர் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது. பார்த்தால் இடது கண் மூடவில்லை, இடது புருவம் அசையவில்லை, கன்னம் தொய்ந்து கிடக்கிறது. அலறியடித்துக்கொண்டு ஓடினோம். டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "பக்கவாதம் இல்லம்மா. முகத்து நரம்புல வீக்கம். முக்கால்வாசிப் பேருக்குச் சரியாயிடும். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிக்கும்." மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, காலையும் மாலையும் கண்ணாடி முன்னால் நின்று முகத்துக்குப் பயிற்சி.

மாத்திரை போடுகிறார். சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார். கண்ணாடி என்றால் மட்டும் காத தூரம் ஓடுகிறார். குளியலறைக் கண்ணாடிமேல் துண்டைத் தொங்கவிட்டுவிட்டார். தடவிப் பார்த்தே முகம் மழிக்கிறார், மோவாயெல்லாம் வெட்டு. "அந்த மூஞ்சிய நான் பாக்கவே வேணாம். விடு."

விளையாட்டு வாத்தியார். பிள்ளைகள் வைத்த பெயர் விசில் சார். இப்போது ஊதினால் காற்று ஓரமாகப் போய்விடுகிறது. லீவை நீட்டிக்கொண்டே இருக்கிறார். வேலையையே விட்டுவிடலாமா என்று நேற்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, சுவரைக் கேட்டார்.

"பசங்க சிரிப்பாங்க. அதுகூடப் பரவால்ல. சிரிக்கக் கூடாதுன்னு அடக்கிக்கிட்டு நிப்பாங்க பாரு, அதத்தான் என்னால தாங்க முடியாது."



மார்ச் 6, வெள்ளி

இரண்டு தலை முடிந்தது. ஒருவன் கெட்டிலையே முறைக்கிறான், ஒருவன் காலணிக்குள் புகுந்த தண்ணீரை நினைத்து நொந்துகொள்கிறான். தலை பிடிக்கிற புட்டிப் பசை இறுகுவதற்குள் ஊசிமுனையால் கண் இமையை இழுத்துவிட வேண்டும். மூச்சு விட்டால் கை நடுங்கும். அதனால் மூச்சை நான் பிறகு விட்டுக்கொள்கிறேன்.

நொந்துகொள்கிற முகத்துக்கு என் முகத்தையே மேஜைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். கண்ணாடி பார்த்துச் செய்யும்போது இடம் வலம் மாறிவிடும், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முன்பு ஒருமுறை ஒரு தளபதிக்குத் தழும்பு வைக்க என் இடது கன்னத்தில் பேனாவால் கோடு போட்டு, கண்ணாடியில் தெரிந்தது தெரிந்தபடியே செய்தேன். தழும்பு அந்த ஆளின் வலது கன்னத்துக்குத் தாவிவிட்டது. இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எதிரி மறுபடி வந்து இந்தப் பக்கமும் வெட்டிட்டுப் போயிட்டான்னு சொல்லிடு."

அந்தச் சிரிப்பு. வீட்டில் பாத்திரமெல்லாம் அதிரும்.

மார்ச் 7, சனி

தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குளியலறைக்குள் போனால் குழாயைத் திறந்துவிட்டு அப்படி என்னதான் செய்கிறாரோ! "உள்ள என்ன, யானையா குளிப்பாட்டுறீங்க?" என்று கத்தினேன்.

மார்ச் 9, திங்கள்

சிரிக்கிற தலையைப் பழைய போட்டோ ஒன்றை வைத்துச் செய்தேன். இவர் பிள்ளைகளோடு கோப்பையைத் தூக்கிப் பிடித்து நிற்கிற படம். பல் வரிசை, கண்ணோரச் சுருக்கம், எல்லாம் அளவெடுத்த மாதிரி வந்திருந்தது. எனக்கே கொஞ்சம் கர்வம்.

மருந்துக்கடைக்காரர் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இவன் சிரிக்கல. சிரிக்கச் சொன்னாங்கன்னு பல்லக் காட்டுறான்."

அவர் போனபிறகு பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு பார்த்தேன். மனுஷன் சொன்னது சரி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேலே ஏறியிருக்கிறது. எந்த மனிதன் அப்படிச் சிரிக்கிறான்? போட்டோவில்கூட இவர் அப்படிச் சிரிக்கவில்லை. நான்தான் நேராக்கியிருக்கிறேன். ஏன் நேராக்கினேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். காரணம் உள் அறையில் இருக்கிறது என்று தெரிந்தபோது ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

நாலாவது தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது தும்மிவிட்டேன். தலை பறந்தது. புட்டி இறுகாத தலை, எதிலாவது ஒட்டினால் மூக்கு போய்விடும். "யாரும் அசையாதீங்க!" என்று கத்தினேன். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வந்தார். இருவரும் கையையும் முழங்காலையும் ஊன்றிக்கொண்டு மேஜைக்கு அடியில், அலமாரிக்கு அடியில், செருப்புக்குள்ளே என்று தேடினோம். தூசிதான் கிடைத்தது. ஒரு பொத்தானும் கிடைத்தது.

கட்டிலுக்கு அடியில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டோம். அவர் என்னையே பார்த்தார். பிறகு சொன்னார், "உன் தலையில ஒருத்தன் உக்காந்து என்னை மொறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கான்."

முன்னுச்சி முடியில் சிக்கிக்கொண்டிருந்தான் சிப்பாய்.

அவர் சிரித்துவிட்டார். இரண்டு கையும் தரையில் ஊன்றியிருந்ததால் வழக்கம்போல வாயைப் பொத்த முடியவில்லை. வலப் பக்கம் காதுவரை போயிற்று. இடப் பக்கம் அப்படியே கிடந்தது, இடது கண் மட்டும் அகலத் திறந்து, நம்ப முடியாமல் பார்ப்பதுபோல. சத்தம் பழைய சத்தம்தான். வயிற்றிலிருந்து வருகிற அதே சத்தம். எனக்கு என்ன ஆனதென்று சொல்லத் தெரியவில்லை. அழகாக இருந்தது. எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

உடனே எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 12, வியாழன்

செய்துவிட்டேன்.

காலையில் பிசைந்த புட்டி மத்தியானத்துக்குள் ஆளாகிவிட்டது. திருத்தவே இல்லை. என் கைக்கு அந்த முகம் எங்கே போகிறது என்று தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தலை நான் செய்ததில்லை. கடலை அளவு முகம், சிரிக்கிற சத்தம் கேட்கிறது.

செய்துமுடித்த பிறகுதான் பயம் பிடித்தது. அவர் உலகத்துக்கே காட்டாமல் பொத்திப் பொத்தி வைக்கிறதை நான் அவரிடம் கேட்காமல் எடுத்து, நாலு பேர் குனிந்து பார்க்கிற மேடையில் வைக்கப் போகிறேனா? நான் என்ன மாதிரி மனுஷி? நூல் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். மருந்துக்கடைக்காரரிடம் அந்தப் பல்லைக் காட்டுகிறவனையே கொடுத்துவிடலாம்.

மார்ச் 14, சனி

கண்டுபிடித்துவிட்டார். சட்டைப் பொத்தான் தைக்க நூல் தேடியிருக்கிறார்.

நான் கடையிலிருந்து வந்தபோது என் நாற்காலியில், என் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் தலை.

"என்னைத்தான?"

"ஆமாங்க."

"இத விக்கப் போறியா?"

"இல்ல. சத்தியமா இல்ல. எனக்கு... பிடிச்சிருந்துச்சு, செஞ்சேன். உங்களக் கேக்காம செஞ்சது தப்புதான். வேணாம்னா இப்பவே நசுக்கிடறேன்."

தலையை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் தலையை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். "பக்கம் மாத்தி வெச்சிருக்க. எனக்கு விழுந்தது இந்தப் பக்கம்," என்று, அவனை எதிரே பார்க்கும்போது இடது கைப் பக்கம் வரும் கன்னத்தைச் சுட்டிக்காட்டினார். உள்ளே போய்விட்டார்.

அடிப்பாவி, மறுபடி தழும்புக் கதையா! எடுத்துப் பார்த்தேன். இல்லை, சரியாகத்தான் இருக்கிறது. சிப்பாயின் இடது கன்னம்தான் தொய்ந்திருக்கிறது. கண்ணாடியும் பார்க்கவில்லை, அவரை நேரே பார்த்துத்தானே செய்தேன். எதிரே நிற்கிற யாருக்கும் அவருடைய அந்தக் கன்னம் வலது கைப் பக்கம்தான் தெரியும். எனக்கு, டாக்டருக்கு, எல்லாருக்கும். இடது கைப் பக்கமாகத் தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான்.

கண்ணாடி.

அவர் வெளித்திண்ணையில் உட்காரப் போனதும் குளியலறைக்குள் நுழைந்து துண்டை விலக்கினேன். கண்ணாடியின் நடுவே மட்டும் வட்டமாகத் துடைத்துத் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. அவர் முகம் வருகிற உயரம். சுற்றிலும் வாய்நீர் தெறித்த புள்ளிகள். அந்தக் குழாய் எதற்கு ஓடியதென்று அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறிற்று. டாக்டர் சொன்ன பயிற்சி: ஆ, ஊ, பூ, பா. நான் கேட்டுவிடக் கூடாதென்று.

துண்டை இருந்தபடியே தொங்கவிட்டேன். யானை என்று கத்தினேனே. குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 16, திங்கள்

அவரிடம் எதையும் கேட்கவில்லை. என் மேஜைக் கண்ணாடியை மட்டும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

"கண்ணாடி பாத்துச் செஞ்சா பக்கம் மாறிடுதுங்க. நாலாவது ஆளு கெட்டில ஊதணும். எதிர்ல உக்காந்து கொஞ்சம் ஊதிக் காட்டுங்களேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேஷம் புரிந்துவிட்டதோ என்று நினைத்தேன். ஆனால் வந்து உட்கார்ந்தார். நான் ஊதினேன், அவர் ஊதினார். நான் புருவத்தைத் தூக்கினேன், அவர் ஒற்றைப் புருவத்தைத் தூக்கினார். "இப்ப அஞ்சாவது ஆளு மாதிரி பல்லக் காட்டுங்க." காட்டினார். இரண்டு கிழங்கள் ஒன்றையொன்று பார்த்து அழகு காட்டுவதை யாராவது பார்த்திருந்தால் ஊரே கூடியிருக்கும்.

நாலாவது ஆள் எப்போதோ முடிந்துவிட்டான். அவருக்குத் தெரியாது.

மார்ச் 21, சனி

இன்று "பூ" சொல்லும்போது இடது ஓரம் அசைந்தது. ஒரு நூல் அளவு. மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. நான் நூல் அளவில்தான் பிழைக்கிறவள்.

மார்ச் 25, புதன்

மருந்துக்கடைக்காரர் வந்தார். இவர் வழக்கம்போல உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான்கு தலைகளையும் பல்லைக் காட்டுகிறவனையும் எடுத்து வைத்தேன். அவர் பல்லைக் காட்டுகிறவனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

கதவு திறந்தது. இவர் வந்தார். நேரே நூல் டப்பாவைத் திறந்து, அந்தத் தலையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மருந்துக்கடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்தார். "அய்யோ, இவன்! இவன் சிரிக்கிறத பாத்தா எனக்கே சிரிப்பு வருதே. யாரும்மா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள்,

"நான்தான்," என்றார் இவர். கை வாய்க்குப் போகவில்லை.

அந்த மனிதர் ஒரு கணம் இவரைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். "சார், உங்க காதுதான் இன்னும் கொஞ்சம் பெருசு," என்றார். மூன்று பேரும் சிரித்தோம். பாத்திரம் அதிர்ந்தது.

போகும்போது அந்தத் தலையைக் கொண்டுபோனார். இவரே பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்.

ஏப்ரல் 6, திங்கள்

குளியலறைக் கதவு திறந்தே இருந்தது. குழாய்ச் சத்தம் இல்லை. துண்டு அவர் தோளில் கிடந்தது. மோவாயில் வெட்டு இல்லை. இடது கன்னத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இருக்கட்டும்.

எட்டு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பினார். தெருமுனைவரை போனவர் திரும்பி வந்தார். "மூஞ்சிய மறக்காம எடுத்துட்டுப் போனேன். விசில விட்டுட்டேன்."

எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து வேலையில் உட்கார்ந்தேன். புது ஆர்டர், ஒரு காவல்காரன், உதட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. வாசலிலிருந்து திடீரென்று விசில் சத்தம். பாதி காற்று, பாதி சத்தம், ஆனாலும் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தூக்கிவாரிப்போட்டு என் ஊசி சறுக்கி, காவல்காரனின் உதடு ஒரு பக்கமாக மேலே போய்விட்டது.

திருத்த ஊசியை எடுத்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன்.