பதினேழாம் எண்ணின் மறுகாட்சி

இன்ஸ்ப்ரூக்
9 ஜனவரி 2017

மதிப்புக்குரிய திரு. பிர்ஹர் அவர்களுக்கு,

இத்தனை நடந்த பிறகும் ஒன்பது வருடமாக உங்கள் ஒளிபரப்பு வண்டியிலேயே ஏன் வேலை செய்கிறேன் என்று புத்தாண்டு அட்டையின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். யோசித்துப் பார்த்தேன். பதில் தெரியவில்லை. விருப்பப்பட்டு இருந்ததில்லை என்பது மட்டும் தெரியும்.

வேறு விஷயம். 21ஆம் தேதி மலையிறக்கப் பனிச்சறுக்குப் பந்தயத்தோடு நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். பந்தயம் முடிந்ததும் பெரிய திரையிலும் நேரலையிலும் உங்களைப் பற்றி ஐந்து நிமிடப் படம் ஓடும். அதைத் தொகுக்கும் வேலையை நிலையம் எனக்குக் கொடுத்திருக்கிறது. எந்தக் காட்சிகள் வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். தொலைபேசி வேண்டாம். உங்கள் குரலை வண்டியில் கேட்பதே போதும்.

நோட்புர்கா லெக்தாலர்
மறுகாட்சிப் பிரிவு

*

ஸாங்க்ட் கோல்மன்
11 ஜனவரி

அன்புள்ள புர்கி,

உன் கடிதம் பார்த்ததும் இந்தக் குளிரிலும் மனசு இளகிவிட்டது. வேறு யார் செய்தாலும் எனக்குத் திருப்தி இருக்காது. நீ பௌதிகம் படித்தவள், அளந்து வெட்டுவாய்.

சரிவு முழுக்க முதன்முதலாகக் கம்பியில் கேமராவை ஓட விட்டோமே, அதைக் கட்டாயம் போடு. வீரனோடு சேர்ந்து நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் கேமராவும் இறங்கியது. பிரேக் பிடிக்குமா என்று நாம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஹெலிகாப்டர் கிளப்பிய பனித்தூளுக்குள் ஸ்லோவேனியப் பையன் மறைந்து வெளியே வந்ததையும் போடு.

என் மனைவி எடெல்ட்ராவுட்டின் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீ வரவில்லை என்று அவளுக்கு இன்னும் வருத்தம். பன்றிக்கறி உருண்டையைத் தனியாக எடுத்து வைத்துக் காத்திருந்தாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். ரோசினா பந்தயத்தில் விழுந்த வருடத்தைத் தொடாதே. உன் தங்கைக்காகத்தான் சொல்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும்
லியோன்ஹார்ட்

*

இன்ஸ்ப்ரூக்
13 ஜனவரி

மதிப்புக்குரிய திரு. பிர்ஹர் அவர்களுக்கு,

நீங்கள் தொடாதே என்றதால் அந்த வருடத்தின் நாடாவைத்தான் முதலில் எடுத்தேன்.

வண்டியில் காதில் மாட்டியிருக்கும் தலைபேசிகளில் நாம் பேசிக்கொள்வதும் ஒரு தனித் தடத்தில் பதிவாகும் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். நானும்தான். பதினேழாம் எண் அணிந்த ரோசினா வலையில் மோதி நின்றதும் உங்கள் குரல் வருகிறது: "பதினேழு. போடு." நான், டாக்டர் இன்னும் கை தூக்கவில்லையே என்கிறேன். அதற்கு நீங்கள்: "போடுன்னு சொன்னேன்ல. அவரு கை தூக்கற வரைக்கும் நாடே வெறும் பனியப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?"

வீரர் உயிரோடு இருக்கிறார் என்று சரிவில் நிற்கும் டாக்டர் கை தூக்கும்வரை மறுகாட்சி கிடையாது. இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது நீங்கள்தான். விசாரணையில் நீங்கள் எழுதிக் கொடுத்தது: "மறுகாட்சி இயக்குபவர் என் உத்தரவின்றி வெளியிட்டார்." என்னிடம் சாட்சி இருக்கவில்லை. வண்டியில் இருந்த மற்ற நால்வரும் எதுவும் காதில் விழவில்லை என்றார்கள்.

ரோசினாவின் முழங்கால் மூன்று அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் மடங்காது. அதற்கு மலையைத் தவிர யாரையும் அவள் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு மாரடைப்பு வந்து அன்று மாலையே போய்விட்டார். அதற்கு நான்தான் காரணம் என்று நம்புகிறாள், உங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு. அடக்கம் முடிந்த நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்தப் பதிவைப் படத்தின் கடைசியில் சேர்க்கிறேன். அவள் விழுவதைக் காட்டமாட்டேன். வெறும் சரிவு, தேதி, உங்கள் குரல். நிலையத்திடம் சொல்லித் தடுக்கலாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்களே சொல்ல வேண்டியிருக்கும்.

ந. லெக்தாலர்

*

ஸாங்க்ட் கோல்மன்
16 ஜனவரி

புர்கி,

இரண்டு நாள் எழுதவே கை வரவில்லை. எடெல்ட்ராவுட்டிடம் சொல்லவில்லை. அவள் நீல கோட்டைச் சலவைக்குக் கொடுத்திருக்கிறாள், சனிக்கிழமை என் பக்கத்தில் நிற்க. பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள்.

நான் எழுதிக் கொடுத்தது பொய். பயந்துவிட்டேன். எனக்கு வேலை போயிருக்கும். உனக்கு ஒரு கண்டனக் கடிதத்தோடு முடியும் என்று கணக்குப் போட்டேன். உன்னை வேறு வண்டிக்கு மாற்றாமல் காப்பாற்றியதும் நான்தான், அதையும் நினைத்துப் பார்.

இதற்கு மேலும் போடுவேன் என்றால் ஒன்று கேட்கிறேன். பதிவை முழுக்கக் கேட்டாயா? நான் ஒரு கோணத்துக்குத்தான் சொன்னேன். முதல் கோணம் சொல்லித்தான் போகும். அடுத்த கோணம் சொல்லாமலே போகும். நம் வண்டியின் பழக்கம். அன்றைக்கும் யாரும் கேட்காமல் நீயே சொன்னாய்: "ரெண்டாவது போகுது." கம்பிக் கேமராவில் எடுத்தது, கால் திரும்புவது தெரிகிற காட்சி. இழவுக்கு நான் வந்தபோது உன் அம்மா என்னிடம் சொன்னார்: முதல் தடவை உன் அப்பா எழுந்து நின்றாராம், இரண்டாவது தடவையில்தான் விழுந்தாராம்.

என் குரலோடு வெட்டிவிட்டால் நீயும் என்னைப் போல ஒரு பொய்யறிக்கை எழுதுகிறாய். வெட்டாவிட்டால் உன் தங்கை உன்னையும் கேட்பாள். நமக்கெதற்கு இது? விட்டுவிடு.

லியோ

*

ஸாங்க்ட் கோல்மன்
20 ஜனவரி, வெள்ளி

மதிப்புக்குரிய திரு. பிர்ஹர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வரும் முன்பே முழுக்கக் கேட்டிருந்தேன். பதின்மூன்றாம் தேதி அதை எழுதாமல் விட்டது என் சாமர்த்தியம். உங்களிடம் கற்றதுதான்.

உங்கள் குரலோடு முடியும் வடிவம் ஒன்று, முழுப் பதிவு ஒன்று, இரண்டும் என் இயந்திரத்தில் தயாராக இருக்கின்றன. எதைப் போடுவேன் என்று இந்த நிமிடம் எனக்கே தெரியாது. ரோசினா எனக்குத் திரும்ப வேண்டும். உங்களுக்கு வலிக்கவும் வேண்டும். வெட்டினால் இரண்டுமே கைக்கு வரும். நான்கு நாளாக உங்கள் அறிக்கையை மறுபடி மறுபடி படிக்கிறேன். நல்ல நடை, ஒரு சொல் அதிகமில்லை.

காலையில் வண்டியில் என்னோடு பேச முயல வேண்டாம். வேலைக்குத் தேவையானதை மட்டும் சொல்லுங்கள்.

சனிக்கிழமை மாலை

நேற்று இதைத் தபாலில் சேர்க்கவில்லை. நடந்ததை இதே தாளில் எழுதிவிடுகிறேன்.

பந்தயத்தை நன்றாகவே இயக்கினீர்கள். ஒருவர் விழுந்தார், டாக்டர் கை தூக்கும்வரை வெறும் பனியைத்தான் காட்டினீர்கள். ஒன்று இருபதுக்குப் படம் ஓடியது. முழுப் பதிவையே போட்டேன். முதலில் மாட்டுமணிகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். உங்கள் குரல் இரண்டாம் முறை வந்தபோது இலக்குக் கோட்டருகே மணிச்சத்தம் நின்றது. "ரெண்டாவது போகுது" என்பது எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. நீங்கள் பூங்கொத்தோடு திரையைப் பார்த்தபடியே நின்றீர்கள். எடெல்ட்ராவுட் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கார் நிற்கும் பக்கம் போனார். கை கொடுக்க வந்த நிலையத் தலைவர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அதை நான் இரண்டு கோணங்களில் பதிவு செய்து வைத்திருக்கிறேன்.

இரண்டு மணிக்கு நிலையத்தார் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

நான்கு மணிக்கு ரோசினா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அந்தாளு சொன்னதக் கேட்டேன்," என்றாள். பிறகு, "ரெண்டாவது போகுதுன்னது நீதானே?"

"நான்தான்."

"அத யாரும் போடச் சொல்லலயே, புர்கி."

"இல்ல. பழக்கத்துல போட்டுட்டேன்."

அவள் பக்கம் கெட்டில் கொதித்து அணையும் சத்தம் கேட்டது. அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் நேரம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நோட்புர்கா லெக்தாலர்