என்ன விசேஷம் என்று கேட்டார்கள்

சுருளிப்பட்டி
மே 19

அன்புத் தங்கை ஈஸ்வரிக்கு, அண்ணன் ராஜபாண்டி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அதுவும் ஒரு பொய்யாகிவிடும் என்று நிறுத்திக்கொண்டேன். மாடு நலம். திராட்சைப் பந்தல் நலம். உன் மதினி முருகம்மாளுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. என் மகள் பவானி தேனிக்கு வேலைக்குப் போய் வருகிறாள். நான் மட்டும்தான் நலமில்லை. காய்ச்சலோ என்று பயந்துவிடாதே, இது மாத்திரைக்குக் கேட்கிற சங்கதி இல்லை.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நாலு தடவை உன்னைக் கூப்பிட்டேன். நீ சிரித்துக்கொண்டே "சொல்லுண்ணே" என்றதும், அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஓசூரில் மழை பெய்தால் எனக்கென்ன, பெய்யாவிட்டால் எனக்கென்ன? உன் குரலைக் கேட்டுக்கொண்டு சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

சுருளியாண்டி சித்தப்பா சாகவில்லை, ஈஸ்வரி. மும்பையில் இட்லிக் கடையை நடத்திக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார். நீ விருந்து வைத்த அன்று அவர் இறந்துவிட்டதாக வந்த செய்தி எங்கிருந்தும் வரவில்லை. நான் கட்டிய கதை அது.

முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். அப்போதுதான் என் யோக்கியதை எனக்கே விளங்கும்.

தை மாதம் நீ போன் பண்ணினாய். ஐம்பது வயது முடிகிறது, நம் ஊரில் வைத்து ஒரு விருந்து போடப்போகிறேன் என்றாய். இருபத்தேழு வருசமாக எல்லார் வீட்டுக் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்து போனவள் நீ. "கல்யாணம் ஆகலைங்கிறதுக்காக எங் கையால நம்ம சனம் ஒரு வாய் கறிச்சோறு திங்காமப் போகணுமாண்ணே" என்று கேட்டாய். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சமுதாயக் கூடத்துக்கு நான்தான் சொல்லிவைத்தேன். சமையலுக்குக் கர்ணனைப் பேசியதும் நான்தான். தொடக்கத்திலேயே நான் கெட்டவனாக இருக்கவில்லை என்று நீயாவது தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் உன் பிளெக்ஸ் வந்தது. கூடத்து வாசலில் பத்தடிக்கு எட்டடி. கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் பிளெக்ஸ் பார்த்த ஊர் இது. அதிலே நீ தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, ராஜஸ்தானில் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாய். 'நான் நல்லா இருக்கேன். எல்லாரும் சாப்பிட வாங்க. இப்படிக்கு, பாண்டீஸ்வரி' என்று கீழே எழுத்து. பக்கத்தில் வீட்டுக்காரர் படம் இல்லை, பிள்ளைகள் படம் இல்லை. அண்ணன் என்று என் படம்கூட இல்லை. அதுவும் கொஞ்சம் உறுத்தியது, மறைக்கவில்லை.

டீக்கடையில் பிடித்துக்கொண்டார்கள். என்ன விசேஷம் ராஜபாண்டி என்றார்கள். பிறந்தநாள் என்றேன். சின்னப் பிள்ளையா என்றார்கள். புது வீடு பால் காய்ச்சுகிறாளா, இல்லை. பிள்ளைக்குக் காதுகுத்தா, இல்லை. "பெறகு எதுக்குய்யா சோறு, கடைசியா ஒரு மாப்பிள்ளை சிக்கிட்டாரா" என்று ஒருத்தர் கேட்க, கடையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

அந்த வாரம்தான் பவானியைப் பார்க்கக் கம்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அவர்கள் கார் கூடத்தைத் தாண்டித்தான் நம் வீட்டுக்கு வர வேண்டும். ஒட்டகத்தையும் உன்னையும் பார்த்துவிட்டு, பொண்ணோட அத்தையா இது என்று கேட்பார்களே என்று பயந்தேன். உன் மதினிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவளைத் தப்பாக நினைக்காதே.

விருந்தன்று விடிகிற நேரத்தில் அரிவாளோடு போய் பிளெக்ஸ் கயிற்றை அறுத்தேன். வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். விருந்து நிற்க வேண்டும், நான் நிறுத்தியதாகவும் தெரியக் கூடாது. பங்காளி வீட்டில் சாவு என்றால் நம் வகையறாவுக்கே தீட்டு, மற்ற சனமும் அந்த வீட்டில் கைநனைக்காது. யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. ஊரோடு போக்குவரத்து இல்லாத பங்காளி யார், போன் நம்பர் யாரிடமும் இல்லாதவர் யார் என்று யோசித்தேன். சித்தப்பா கிடைத்தார். ஆள் தேடிக் கொன்றேன் என்றே வைத்துக்கொள். ஒரு மணி நேரத்தில் முப்பது வீட்டுக்குச் சொல்லி முடித்தேன்.

பிறகு கூடத்துக்கு வந்தேன். நீ அரக்குப் பட்டுக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, உன் ஓசூர் சிநேகிதிகள் இரண்டு பேரோடு இலைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாய். விசயத்தைச் சொன்னேன். சோறு வெந்துவிட்டதே அண்ணே என்று மட்டும் சொன்னாய். "உனக்கும் தீட்டுதான் ஆத்தா, கட்டிக்குடுத்திருந்தா வேற வகை, நீ எங்க வகைதான" என்றேன். நல்ல காரியம் ஒவ்வொன்றிலும் உன்னை ஓரமாக நிற்கச் சொன்ன வாய் இது. பவானி சடங்குக்கு ஆலம் சுற்ற நீ தட்டை எடுத்தபோது, சுமங்கலிதான் சுற்ற வேண்டும் என்று வாங்கி வைத்த கை இது. தீட்டுக்கு மட்டும் நீ எங்கள் வகை ஆகிவிட்டாய்.

நீ என்னைச் சந்தேகப்படவே இல்லை. பூவை எடுத்துவிட்டு, கூடத்துப் பின்னால் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, பழைய நூல் சேலை கட்டி வந்தாய். வாசலைப் பார்த்து, "பிளெக்ஸ நீயே கழட்டிட்டியாண்ணே, நல்லது" என்றாய். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

சாயங்காலம் நடந்ததைக் கர்ணன் சொல்லித்தான் தெரியும். நான் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போன பெண்கள் ஜீப்பில் திரும்பி வர, நீ ரோட்டில் நின்று மூன்று ஜீப்பையும் மறித்தாயாம். தங்கள் வீட்டுச் சாவு ஒன்றும் இல்லையே, வெந்த சோறு ஏன் வீணாக வேண்டும் என்று அவர்கள் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்களாம். நீ பரிமாறினாய், ஒரு வாய் தொடவில்லை. அவர்களில் சங்கிலியம்மாள் கை கழுவ வந்த இடத்தில், என்ன விசேஷம் தாயி என்று கேட்டாளாம். ஒண்ணுமில்லக்கா, சாப்பிடுங்க என்றாயாம்.

பதினாறு நாளும் நீ கறி தொடவில்லை. பதினாறாம் நாள் போன் பண்ணி, மும்பையில் கருமாதி முடிந்ததா என்று கேட்டாய். முடிந்தது என்றேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வெட்கப்படாதவன், அதைத் திருத்த வெட்கப்பட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், போனார்கள். ஜாதகம் பொருந்தவில்லை. உன் விருந்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இந்த மாதம் வீரபாண்டித் திருவிழா வந்தது. உனக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று நான் பன்னிரண்டு வருசம் அங்கே தீச்சட்டி எடுத்ததும், எனக்காக எடுக்காதே, திராட்சைக்கு நல்ல விலை கேட்டு எடு என்று நீ கேலி செய்ததும் நினைவிருக்கும். இந்த வருசம் எடுக்கவில்லை. கை கூசியது. சும்மா ஆற்றங்கரையில் நின்றிருந்தேன். கோயிலில் நட்ட கம்பத்துக்கு ஊற்றத் தண்ணீர் எடுக்கும் கூட்டத்திலிருந்து சித்தப்பா நடந்து வந்தார், சித்தி பின்னால் வந்தார்.

அவர் சத்தம் போடவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டு தபால் எடுத்தார். ஒன்று நீ அனுப்பிய விருந்துப் பத்திரிகை; உன்னிடம் அவர் விலாசம் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். இன்னொன்று, சித்தப்பா போய்விட்டதாக அண்ணன் சொன்னாரே என்று நீ சித்திக்கு எழுதிய துக்கக் கடிதம். சித்திக்குக் கண் சரியாகத் தெரியாததால், தன் சாவைத் தானே உரக்க வாசித்துக் காட்டினாராம். "மொதல்ல சோத்துக்குக் கூப்பிட்டா, பெறகு எனக்கே துக்கம் கேட்டுட்டா" என்று சொல்லிச் சிரித்தார். நான் பதிலுக்குச் சிரிக்க முயன்றேன். வாசி என்று கடிதத்தை நீட்டினார். அங்கேயே நின்று வாசித்தேன்.

'சித்தப்பா என்னைப் பார்த்தால் எந்த ஊருக்குப் போனாய், என்ன பார்த்தாய் என்றுதான் கேட்பார். எப்போ கல்யாணம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் நல்லா இருக்கேன் என்று சொன்னால் நம்பிய ஒரே ஆள் நம் பக்கத்தில் அவர்தான்' என்று எழுதியிருக்கிறாய். நான் உன் கூடப் பிறந்தவன், ஈஸ்வரி. அந்த வரியில் நான் இல்லை.

நாற்பத்திரண்டு வயதில் ஸ்கூட்டர் பழகினாய். நாற்பத்தேழில் நீச்சல் பழகினாய். வருசம் ஒரு ஊர் பார்த்தாய், படம் படமாக அனுப்பினாய். தனியாகக் கிடக்கிற பிள்ளை வெளியே சிரிக்கிறது, உள்ளே அழும் என்றே நான் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். நீ அழுது நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

உன்னிடம் நானே சொல்ல வேண்டும் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். "செத்தவன் போன் பண்ணா பிள்ளை பயந்துரும்ல" என்றார். ஆடி பிறப்பதற்குள் நான் சொல்லாவிட்டால் ஓசூருக்கே வந்து உன் வாசலில் நிற்பாராம். ஊருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. உன் மதினி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், "நீங்க செஞ்சதுக்கு எந் தலையில்ல குனியுது" என்றாள்.

பிளெக்ஸை நான் என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. வைக்கோல் படப்பின் மேல், உன் முகம் கீழே இருக்கும்படி போர்த்தி வைத்திருந்தேன். போன வாரக் காற்றில் புரண்டுவிட்டது. பவானி அதை இறக்கி, சோப்புப் போட்டுக் கழுவி, வீட்டு முன்சுவரில் கட்டிவிட்டாள். ஓரம் இரண்டு இடத்தில் கிழிந்திருக்கிறது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

நேற்று அந்த வழியாகப் போன ஒருத்தர் சைக்கிளை நிறுத்தி, என்ன ராஜபாண்டி, வீட்டில் விசேஷமா என்றார். எனக்குக் காது சூடேறியது. இருந்தாலும் சொல்லிவிட்டேன். "எந் தங்கச்சி நல்லா இருக்கா. அதான் விசேஷம்" என்றேன். அவர், சோறு எப்போ என்று கேட்டார்.

அதை நீதான் சொல்ல வேண்டும். எந்தத் தேதி சொன்னாலும் கூடத்துக்குச் சொல்லிவைக்கிறேன். முப்பது வீட்டுக்கும், போனில் இல்லை, நடந்து போய் அழைக்கிறேன், பொய் சொன்னவன் நான்தான் என்று சொல்லியே அழைக்கிறேன். வாசலில் சந்தனத்தோடு நான் நிற்கிறேன். அரக்குப் பட்டையே கட்டிக்கொண்டு வா. வர மனமில்லை என்றால் கட்டாயமில்லை, கேட்கிற தகுதியும் எனக்கில்லை. திட்டுவதற்காவது ஒரு போன் பண்ணு. மழை பெய்கிறதா என்று கேட்க மாட்டேன்.

நீ நல்லா இருக்க ஆத்தா. நான் நம்புறேன்.

உன் அண்ணன்,
ராஜபாண்டி